டேலி ஆகாத தோத்திரம்

போடிமெட்டு மலைப்பாதையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். விடிவதற்கு முன்பே தேவாரம், போடி சுற்றுவட்டார ஊர்களிலிருந்து ஏலத்தோட்ட வேலைக்கு ஜீப்பில் நெருக்கியடித்துக்கொண்டு ஏறிப்போகிற பெண்கள், சாயங்காலம் அதே மாதிரி இறங்கி வருகிறார்கள். கடைசி வளைவைத் தாண்டி சமதளம் வந்ததும் ஒரு பெருமூச்சு. 'ஆத்தா, காப்பாத்திட்டே!' என்பார் ஒருத்தர். சர்ச்சுக்குப் போகிறவராக இருந்தால், 'ஸ்தோத்திரம் ஆண்டவரே!'

இந்த நன்றி நமக்குச் சுலபமாகப் புரிகிறது. ஆபத்து வந்தது, போனது, நன்றி சொல்லியாச்சு. நான் பி.காம். படித்தவன். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம், இரண்டும் டேலி ஆகிவிட்டால் நிம்மதியாகத் தூங்குகிற ஜாதி!

ஆனால், வீடு போய், ஊர் போய், பெற்ற பிள்ளையும் போன பிறகு ஒருவர் கை கூப்பி 'உமக்குத் தோத்திரம்' என்கிறார். இதை எந்தத் தலைப்பில் வரவு வைப்பீர்கள்?

அப்படி ஒரு பழைய கணக்கு கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வாருங்கள், ராமேஸ்வரத்தைத் தாண்டி மன்னார் வரை போய்விட்டு வருவோம்.

1544-ம் வருடம். முத்துக்குளித்துறையில் பிரசாரம் செய்துகொண்டிருந்த பிரான்சிஸ் சேவியர் அனுப்பிய குருவிடம் மன்னார் மக்கள் பலர் ஞானஸ்நானம் பெற்றார்கள். யாழ்ப்பாண மன்னன் சங்கிலிக்கு இது பிடிக்கவில்லை. படை வந்தது. சுமார் 600 பேர் வெட்டிக் கொல்லப்பட்டதாகக் கத்தோலிக்க வரலாறு சொல்கிறது.

அடுத்த நூற்றாண்டில் வேறு விதமான சோதனை. 1658-ல் போர்ச்சுக்கீசியரை விரட்டிவிட்டு டச்சுக்காரர்கள் வந்தார்கள். அவர்களும் கிறிஸ்தவர்கள்தான், ஆனால் புராட்டஸ்டன்ட்டுகள். கத்தோலிக்கர்கள் பூசை வைக்கத் தடை. ஒரு பாதிரியாருக்கு வீட்டில் இடம் கொடுத்தால் மரண தண்டனை!

1670 வாக்கில் மாந்தையிலிருந்து 20 குடும்பங்கள் தங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடின. யானையும் பாம்பும் காய்ச்சலும் நிறைந்த காடு. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பி வந்தவர்களும் அங்கே சேர்ந்துகொண்டார்கள். அந்த இடம்தான் மருதமடு. இன்றைக்கு மடு மாதா கோயில் என்றால் இலங்கையில் தமிழர், சிங்களர் இருவருக்கும் தெரியும்.

கோயில் கட்டிய கதையைக் கவனித்தீர்களா? வென்றவர்கள் எழுப்பிய நினைவுச் சின்னம் இல்லை இது. அகதிகள் ஒளிந்த இடம்!

1687-ல் கோவாவிலிருந்து ஜோசப் வாஸ் என்ற குரு, கூலியாள் வேஷத்தில் யாழ்ப்பாணம் வந்து இறங்கினார். ராத்திரியில் ரகசியமாகப் பூசை வைத்தே அந்தச் சபையை உயிரோடு வைத்திருந்தார். பிறகு ஆங்கிலேயர் காலத்தில், 1806-ல், கத்தோலிக்கர்கள் மீதான தடைகள் நீங்கின. 1872-ல் மடுவில் புதிய கோயில் வேலை தொடங்கியது. 1924-ல் மாதாவுக்கு முடிசூட்டு விழா. கஷ்டம் தீர்ந்தது, தோத்திரம் பாடியாச்சு, சுபம் என்று முடித்திருக்கலாம்.

வரலாறு விடவில்லை.

1990-களில் உள்நாட்டுப் போர் துரத்த, ஆயிரக்கணக்கான தமிழர்கள் மடுவில் அடைக்கலம் புகுந்தார்கள். ஒளிந்த இடம் மறுபடி ஒளியும் இடமானது. 1999 நவம்பரில் கோயில் மீதே ஷெல் விழுந்தது. சுமார் 40 பேர் பலி, குழந்தைகள் உட்பட. அரசும் புலிகளும் ஒருவரையொருவர் கை காட்டினார்கள். 2008 ஏப்ரலில் சண்டை கோயில் வாசலுக்கே வந்தபோது, குருக்கள் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குப் போனார்கள். 1670-ல் வந்த மாதிரியே மாதாவும் மறுபடி இடம்பெயர்ந்தார்! சில மாதங்களில் திரும்பினார்.

2009 மே மாதம் போர் முடிந்தது. ஆகஸ்ட் 15, மடுத் திருவிழா. லட்சக்கணக்கில் கூட்டம். மெழுகுவர்த்தி, மணியோசை, தமிழிலும் சிங்களத்திலும் தோத்திரம். அதே நாளில், சற்றுத் தள்ளி வவுனியா பக்கத்து முகாம்களில் இரண்டரை லட்சத்துக்கும் அதிகமான தமிழர்கள் முள்கம்பி வேலிக்குள் இருந்தார்கள்.

யோசித்துப் பாருங்கள். அந்தத் தோத்திரத்துக்கு என்ன அர்த்தம்? 'எல்லாம் சரியாகிவிட்டது' என்றா?

பைபிளிலேயே பதில் இருக்கிறது. சங்கீதப் புத்தகத்துக்கு (கத்தோலிக்கர்கள் திருப்பாடல்கள் என்பார்கள்) எபிரேயப் பெயர் 'தெஹில்லிம்'. அதாவது, புகழ்ச்சிகள். ஆனால் உள்ளே போய்ப் பார்த்தால், 150 பாடல்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு புலம்பல்! 'எங்கே போனாய்?' என்று கடவுளிடமே சண்டை. பெரும்பாலான புலம்பல்கள் கடைசியில் துதிக்குத் திரும்பிவிடுகின்றன. 88-ம் சங்கீதம் திரும்புவதேயில்லை. இருட்டிலேயே முடிகிறது. அதையும் 'புகழ்ச்சிகள்' என்ற புத்தகத்துக்குள்தான் வைத்திருக்கிறார்கள். துதிக்க வாய் வராதவருக்கும் அங்கே ஓர் இடம் உண்டு.

2015 ஜனவரி 14. அப்போதைய போப் பிரான்சிஸ் காலையில் கொழும்பு காலி முகத்திடலில் ஜோசப் வாஸைப் புனிதராக அறிவித்தார். மதியம் மடுவுக்குப் பறந்தார். போரில் உறவுகளை இழந்த இரு இனத்துக் குடும்பங்களும் அங்கே இருந்தன. மன்னிப்பைப் பற்றிப் பேசினார். கூட்டம் ஜெபித்தது.

இரண்டே வருடம் கழித்து, 2017 பிப்ரவரியில், காணாமல் ஆக்கப்பட்டவர்களின் தாய்மார்கள் கிளிநொச்சியிலும் வவுனியாவிலும் போட்டோவைப் பிடித்துக்கொண்டு தெருவோரம் உட்கார்ந்தார்கள். ஒரே கேள்விதான்: 'எம் பிள்ளை எங்கே?'

தோத்திரமும் இந்தக் கேள்வியும் ஒன்றுக்கொன்று எதிரி என்று நினைத்தால் நாம் மடுவைப் புரிந்துகொள்ளவில்லை. நன்றி சொன்னவர் தன் கடவுளிடம் சொன்னார். பாக்கி வைத்திருக்கிற மனிதர்கள் அதைக் காட்டி 'அவங்களே நன்றி சொல்லிட்டாங்களே, விடுங்க' என்று சொல்ல முடியாது. கடன் கொடுத்தவர் கோயிலில் கை கூப்பினார் என்பதற்காக எந்தக் கணக்குப்பிள்ளையும் அதை வாராக்கடனில் தள்ளுபடி செய்வதில்லையே!

அடுத்த முறை துன்பப்பட்ட ஒருவர் கடவுளைப் புகழ்வதைக் கேட்டால் பூரித்துப் போங்கள், தப்பில்லை. கையோடு, அவருக்கு நாம் தர வேண்டியது ஏதாவது பாக்கி இருக்கிறதா என்றும் ஒரு தரம் பார்த்துவிடுங்கள்.