படச்சுருளும் ஒளியுணரியும்: லைக்காக் கமெரா உணர்த்தும் வரலாறு

கருவிகளின் வரலாற்றை எழுதப் புகுவோர், அவை தோன்றிய ஆண்டினையும் தோற்றுவித்தோர் பெயரினையும் கூறி அமைதலே பெருவழக்கு. அக்கருவிகள் பழுதுற்றபோது எவ்வாறு செப்பனிடப்பட்டன, எக்காரணத்தாற் செப்பனிட இயலாதவாயின என்று ஆராய்வார் சிலரே. ஒரு கருவியின் ஆயுளை அளந்தறிதற்கு இவ்வாராய்ச்சி இன்றியமையாதது. இவ்வுண்மையை ஜேர்மனி நாட்டு லைக்காக் கமெராவின் வரலாறு நன்கு விளக்குகின்றது.

1839ஆம் ஆண்டிலே பிரான்சு நாட்டவராகிய டாகரின் முறை உலகுக்கு வெளியிடப்பட்டபோது, நிழற்படம் வெள்ளி பூசிய செப்புத் தகட்டிற் பதிந்தது. 1888இல் ஐக்கிய அமெரிக்காவிலே ஜோர்ஜ் ஈஸ்ற்மன் வெளியிட்ட கொடாக் கமெரா, 100 படங்களுக்குப் போதிய சுருளைத் தன்னகத்தே கொண்டிருந்தது. ஆயினும், தெளிவு மிக்க பெரிய படங்களை வேண்டியோர் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் கண்ணாடித் தகடுகளையும் பாரமான பெட்டியையும் முக்காலியையும் சுமந்தே திரிந்தனர்.

வெற்ஸ்லார் நகரில் நுணுக்குக்காட்டிகள் செய்துவந்த ஏர்ணஸ்ற் லைற்ஸ் தொழிற்சாலையிலே 1911இற் பணியேற்ற ஒஸ்கார் பார்ணாக் என்பார் தொய்வு நோயினர். பாரஞ் சுமத்தல் அவருக்கு இயலாதாயிற்று. எனவே அவர், சினிமாவுக்குப் பயன்பட்ட 35 மில்லிமீற்றர் அகலமுள்ள படச்சுருளைத் தேர்ந்தார். சினிமாப் படத்தின் 18க்கு 24 மில்லிமீற்றர் அளவை இரட்டித்து, 24க்கு 36 மில்லிமீற்றர் அளவுள்ள படம் எடுக்கும் சிறு கமெராவொன்றை 1914 அளவில் அமைத்தார். உலகப் போர் மூண்டமையால் முயற்சி தடைப்பட்டது. 1924இற் தொழிற்சாலை அதிபர் துணிந்து இசைவளிக்க, 1925ஆம் ஆண்டு லைப்சிக் வசந்தகாலச் சந்தையிலே அக்கமெரா காட்சிக்கு வந்தது. லைற்ஸ், கமெரா என்னும் இரு சொற்களின் முதலெழுத்துகள் இணைந்தே லைக்கா என்னும் பெயர் பிறந்தது.

அக்கமெராவின் உயிர்நிலை, இறப்பர் பூசிய இரு துணித்திரைகளாலாகிய மூடுதிரையாகும். ஒரு திரை முன்னே ஓட, மற்றது பின்தொடரும். இரண்டுக்கும் இடைப்பட்ட பிளவின் வழியாகவே ஒளி சுருளைச் சேரும். காலப்போக்கில் இறப்பர் வெடித்து ஊசித்துளைகள் தோன்றினாற் படத்தில் ஒளிப்புள்ளிகள் விழும். எண்ணெய் இறுகித் திரை தளர்ந்து ஓடினாற் படத்தின் ஒரு பக்கம் மற்றதினும் வெளிறும். கைதேர்ந்த வினைஞன் படத்தைக் கொண்டே பழுதின் இடத்தை அறிவான். அறிந்தபின், பழைய திரையை அகற்றிப் புதுத்துணி ஒட்டுவான், பற்சில்லுகளைக் கழுவி எண்ணெயிடுவான். முப்பதுகளிலே பழைய லைக்காவைத் தொழிற்சாலைக்கு அனுப்பி, புதிய மாதிரியின் உறுப்புகளைப் பொருத்துவித்துக் கொள்ளும் வசதியும் இருந்தது.

இனி மறுபக்கத்தை நோக்குவாம். ஒளியை மின்னேற்றமாக மாற்றிச் சேமிக்கும் சிறு சிலிக்கன் உறுப்பினை வில்லார்ட் பொயில், ஜோர்ஜ் சிமித் ஆகிய இருவரும் 1969இற் கண்டறிந்தனர். 1975இலே கொடாக் நிறுவனத்துப் பொறியியலாளர் ஸ்ரீவன் சாசன் இத்தகைய உறுப்பைக் கொண்டு முதல் டிஜிற்றல் கமெராவை அமைத்தார். ஏறத்தாழ 10,000 புள்ளிகளாலாகிய படமொன்றை ஒலிநாடாவிற் பதிவதற்கு 23 வினாடிகள் சென்றன. அன்று அதனைக் கண்டோர், அது படச்சுருளை வெல்லும் என எண்ணியிரார்.

2009ஆம் ஆண்டு இவ்விரு வரலாறுகளும் சந்தித்த ஆண்டாகும். பொயிலும் சிமித்தும் அவ்வாண்டிலே நோபெல் பரிசில் பங்கு பெற்றனர். பார்ணாக் வகுத்த அதே 24க்கு 36 அளவில், கொடாக் செய்த ஒளியுணரியுடன், லைக்கா எம்-9 என்னும் டிஜிற்றல் கமெரா வெளிவந்தது. எடுத்த படத்தை அக்கணமே காணலாம், பிழையாயின் உடனே திருத்தலாம், சுருளுக்குப் பணம் செலவிட வேண்டுவதில்லை. இவை மறுத்தற்கரிய நன்மைகள். ஆனால், சில ஆண்டுகளின் பின் அவ்வொளியுணரியை மூடியிருந்த கண்ணாடி அரிப்புற்று, படங்களிற் புள்ளிகள் தோன்றின. நிறுவனம் புதிய உணரிகளைப் பொருத்திக் கொடுத்தது. 2020இலோ, மாற்று உணரிகள் இனிக் கிடையா என அறிவித்தது. பழைய லைக்காவிலும் படத்தைக் கெடுத்தது புள்ளியே, புதியதிலும் புள்ளியே. முன்னதற்கு மருந்து ஒரு முழத்துக்கும் குறைந்த துணி. பின்னதற்கோ, அத்துணை எளிய மருந்தில்லை.

இதுகொண்டு பழையதே என்றும் நிலைக்கும் என முடிவு கட்டுதல் பொருந்தாது. 1935 முதல் விற்பனையிலிருந்த கொடாக்குறோம் வண்ணச் சுருளின் உற்பத்தி நிறுத்தப்படுவதாக அறிவிக்கப்பட்டதும் அதே 2009இலேயே. அதனைக் கழுவுதற்குச் சிக்கலான தனிமுறை வேண்டும். அம்முறையைக் கைக்கொண்டிருந்த கடைசி நிலையம் 2010 டிசெம்பர் இறுதியோடு சுருள்களை ஏற்பதை நிறுத்தியது. அதன்பின், பழுதற்ற லைக்காவில் எடுத்த கொடாக்குறோம் படமும் தன் வண்ணத்தைக் காட்ட வழியற்றதாயிற்று. கருவி நலமாயிருந்தும் அதற்கு வேண்டிய சுருள் அற்றுப்போயிற்று. கறுப்பு வெள்ளைச் சுருளோவெனில், எளிய இரசாயனப் பொருள்களைக் கொண்டு வீட்டு இருட்டறையிலேயே கழுவத்தக்கதாதலின் இன்றும் வழக்கிலுள்ளது.

ஆகவே, சுருள் சிறந்ததோ உணரி சிறந்ததோ என்னும் வினா அத்துணைப் பயனுடையதன்று. பயன்படுத்துவோனும் அவனூர் வினைஞனும் ஒரு கருவியை எத்துணை தூரம் தாமே பேணவல்லர் என்பதே ஆராயத்தக்க வினா. 1925இன் கமெராவைத் திறந்து செப்பனிடத் தக்கதாக அமைத்தவர் பார்ணாக். அதனை நூற்றாண்டு வரை வாழவைத்தோர், பெயர் அறியப்படாத பட்டறை வினைஞர். அவர்தம் கைத்திறன் அடுத்த தலைமுறைக்குக் கற்பிக்கப்படாதொழியின், துணி கிடைப்பினும் திரை தைப்பார் இரார். கருவிகளின் வரலாற்றிலே அவ்வினைஞருக்கும் ஓரிடம் அளித்தல் வரலாறு எழுதுவோர் கடனாகும்.