காரைக்குடி கம்பன் கழகம்

கம்பராமாயணத்தைப் பொதுமக்கள் மேடைக்குக் கொண்டுவந்த இலக்கிய அமைப்பு. விடுதலைப் போராட்ட வீரரான சா. கணேசன் 1939இல் தொடங்கினார். கம்பன் அடிப்பொடி என்றே அவரை ஊர் அறியும். முதல் விழாவுக்குத் தலைமை ஏற்றவர் ரசிகமணி டி.கே.சி. பங்குனியில் காரைக்குடியில் நடக்கும் விழா, அத்த நட்சத்திரத்தன்று கம்பர் சமாதி இருப்பதாகச் சொல்லப்படும் நாட்டரசன்கோட்டையில் நிறைவடையும். குறித்த நேரத்தில் தொடங்கிக் குறித்த நேரத்தில் முடிப்பதில் கணேசன் கறாரானவர். எவ்வளவு பெரிய பேச்சாளரானாலும் விலக்கில்லை. பட்டிமண்டபம் வெகுமக்களிடம் பரவியதில் இம்மேடைக்குப் பெரும்பங்கு உண்டு. நடுவராகக் குன்றக்குடி அடிகளார் அமர்ந்தார். பொதுவுடைமைத் தலைவர் ஜீவாவும் இங்கே கம்பனைப் பேசினார். துறவியும் தோழரும் ஒரே காவியத்துக்காகக் கூடியதே இக்கழகத்தின் தனிப்பெருமை. இதைப் பின்பற்றிப் பல ஊர்களில் கம்பன் கழகங்கள் தோன்றின.