பயிற்றுநர் பயின்ற வரலாறு: சென்னை, பட்டியாலா, லோதி ரோடு

தில்லி லோதி ரோட்டில் உள்ள ஜவகர்லால் நேரு விளையாட்டரங்கம், 1982இல் நடந்த ஒன்பதாவது ஆசிய விளையாட்டுப் போட்டிகளுக்காகக் கட்டப்பட்டது. இந்திய விளையாட்டு ஆணையத்தின் தலைமையகம் அந்த வளாகத்திலேயே இயங்குகிறது. 1984 ஜனவரியில் ஆணையம் தொடங்கப்பட்டபோது, போட்டிகளுக்காகத் தலைநகரில் எழுந்த அரங்கங்களைப் பராமரித்துப் பயன்படுத்துவதே அதன் முதன்மை நோக்கங்களில் ஒன்றாக இருந்தது. பயிற்றுநர்களை உருவாக்கும் பொறுப்பு அதனிடம் வந்து சேர்ந்தது 1987 மே மாதத்தில்தான். அரங்கத்தைக் காக்க ஓர் அமைப்பு வேண்டும் என்பது அரசுக்கு உடனே புலப்பட்டது. அரங்கத்துக்குள் நின்று கற்பிப்பவரும் முதலில் கற்றாக வேண்டும் என்ற எண்ணத்துக்கோ இதனினும் நீண்ட, சிக்கலான வரலாறு உண்டு.

அந்தச் சிக்கல் சொல்லிலேயே தெரிகிறது. 'பயில்' என்னும் வினை கற்பவருக்கு உரியது. அதன் பிறவினையான 'பயிற்று' கற்பிப்பவருக்கு உரியது. 'பயிற்சி' என்னும் பெயரோ இருபுறமும் நிற்கிறது. 'பயிற்சி மருத்துவர்' என்றால் இன்னும் கற்றுக்கொண்டிருப்பவர். 'பயிற்சியாளர்' என்றால் கற்றுக்கொடுப்பவர். ஐயத்துக்கு இடமில்லாத சொல் 'பயிற்றுநர்'. ஆனால் மைதானத்தில் நிலைத்தவை 'கோச்' என்பதும், பள்ளிகளில் 'பி.டி. மாஸ்டர்' என்பதும்தான். இவை இரண்டும் ஒன்றல்ல. வகுப்பிலுள்ள அனைவரின் உடல்நலத்துக்கும் பொறுப்பானவர் உடற்கல்வி ஆசிரியர். ஒரே விளையாட்டில் சிலரை அவர்களுடைய திறனின் எல்லைவரை கொண்டு செல்பவர் பயிற்றுநர். இந்த வேறுபாட்டை நிறுவனங்கள் ஏற்றுக்கொள்ள நாற்பது ஆண்டுகள் ஆயின.

முதல் அடி சென்னையில் வைக்கப்பட்டது. அமெரிக்கரான ஹாரி குரோ பக் 1920இல் ஒய்.எம்.சி.ஏ. சார்பில் உடற்கல்விப் பள்ளியைத் தொடங்கினார். பின்னாளில் நந்தனத்தில் கல்லூரியாக வளர்ந்தது அதுவே. 1924 பாரிஸ் ஒலிம்பிக்குக்குச் சென்ற இந்தியத் தடகள அணிக்குப் பொறுப்பேற்றவரும் பக்தான். இருப்பினும் அவருடைய கல்லூரியின் இலக்கு பள்ளிகளுக்கு உடற்கல்வி ஆசிரியர்களை அனுப்புவதாகவே இருந்தது. தனி விளையாட்டுக்கான பயிற்றுநர் அன்று பெரும்பாலும் ஓய்வுபெற்ற ஆட்டக்காரராகவே இருந்தார். தாம் ஆடியதை அவர் பிறருக்கு ஆடிக்காட்டினார். ஏன் அப்படி ஆட வேண்டும் என்று விளக்கும் கடமை அவருக்கு இருக்கவில்லை.

விடுதலைக்குப்பின் நிலை மாறியது. 1953இல் ராஜ்குமாரி அம்ரித் கௌர் பயிற்சித் திட்டம் தொடங்கியது. நாட்டின் விளையாட்டுத் தரம் ஏன் தாழ்கிறது என்று ஆராய 1958இல் ஒரு குழு அமைக்கப்பட்டது. தரமான பயிற்றுநர்களை உருவாக்க மையப் பயிற்சி நிறுவனம் தேவை என்று அது பரிந்துரைத்தது. அதன்படி 1961 மே 7 அன்று பட்டியாலாவின் மோதி பாக் அரண்மனையில் தேசிய விளையாட்டு நிறுவனம் திறக்கப்பட்டது. பின்னர் அதற்கு நேதாஜி சுபாஷின் பெயர் சூட்டப்பட்டது. மன்னர் குடும்பம் வாழ்ந்த இடம் பயிற்றுநர்களின் வகுப்பறையாயிற்று.

அங்கே பாடமானது எது? உடற்செயலியல், உயிர்விசையியல், உளவியல் ஆகிய துறைகளோடு, பயிற்சிச் சுமை பற்றிய கோட்பாடும். சுமை ஏறும்போது உடல் தளர்கிறது. போதிய ஓய்வு கிடைத்தால் முன்பிருந்த நிலைக்குச் சற்று மேலே எழுகிறது. அடுத்த சுமை அந்த எழுச்சியின்போது அமைய வேண்டும். முந்தினால் காயம் நேரும். பிந்தினால் பெற்ற பயன் கரையும். 1960களில் சோவியத் அறிஞர் லெவ் மத்வேயெவ் முறைப்படுத்திய காலப்பகுப்பு, ஆண்டினை ஆயத்தம், போட்டி, இடைமாற்றம் எனப் பிரித்து இதே அறிவை நாட்காட்டியில் பொருத்தியது. ஆனால் கோட்பாடு பாதிதான். எதிரில் நிற்கும் சிறுமியின் களைப்பு சோம்பலா, உடல் தரும் எச்சரிக்கையா என்று அறியும் கண் மைதானத்தில் மட்டுமே வாய்க்கும்.

இரண்டும் ஒருவரிடம் சேர்ந்ததற்குச் சான்று ஓ. எம். நம்பியார். விமானப்படையில் பணியாற்றிய அவர் பட்டியாலாவில் பட்டயம் பெற்று, கண்ணூர் விளையாட்டுப் பள்ளியில் பி. டி. உஷாவைப் பயிற்றுவித்தார். 1982இல் இதே லோதி ரோடு அரங்கில் உஷா 100 மீட்டர், 200 மீட்டர் ஓட்டங்களில் வெள்ளி வென்றார். 1984 லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்கில் 400 மீட்டர் தடையோட்ட வெண்கலம் ஒரு விநாடியின் நூறில் ஒரு பங்கு வேறுபாட்டில் கைநழுவியது. 1986 சியோல் ஆசிய விளையாட்டில் நான்கு தங்கங்கள் வந்தன. நம்பியார் கற்ற இடம் பஞ்சாப்; கற்பித்த இடம் வட கேரளம். அரங்கம் தில்லியில் இருந்தாலும் அதனுள் ஓடிய கால்களைப் பழக்கிய அறிவு இந்த இரு ஊர்களுக்கிடையே உருவானது.

1985இல் துரோணாச்சாரியார் விருது நிறுவப்பட்டது. குத்துச்சண்டையில் ஓம் பிரகாஷ் பரத்வாஜ், மல்யுத்தத்தில் பாலச்சந்திர பாஸ்கர் பாகவத் ஆகியோருடன் நம்பியாரும் முதல் ஆண்டிலேயே அதனைப் பெற்றார். பயிற்றுநரின் உழைப்பை அரசு கண்டுகொண்டது நற்செயல். பெயர்தான் சிந்திக்க வைக்கிறது. துரோணர் அரசகுமாரர்களுக்குக் கற்பித்தவர். ஏகலைவனை மாணவனாக ஏற்க மறுத்து, பின்னர் அவனுடைய கட்டைவிரலைக் காணிக்கையாகக் கேட்டவர். அவர் எங்கே கற்பிக்கக் கற்றார் என்ற கேள்வியை அந்த மரபு எழுப்புவதில்லை. ஆசானின் அதிகாரம் அங்கே பிறவியோடு வருவது. பட்டியாலாவின் அடிப்படை இதற்கு நேர்மாறானது: ஆசானும் தேர்வு எழுத வேண்டியவர், தவறினால் திருத்தப்பட வேண்டியவர்.

1987இல் பட்டியாலா நிறுவனம் ஆணையத்துடன் இணைந்ததும், பயிற்றுநர் கல்வியின் நிர்வாகம் லோதி ரோட்டுக்கு வந்தது. அங்கிருந்து மைதானத்துக்குச் செல்லும் வழியில் மொழி என்னும் தடை இன்னும் நிற்கிறது. ரஷ்யம், ஜெர்மன் மொழிகளில் வளர்ந்த பயிற்சியியல் பெரும்பாலும் ஆங்கிலத்தின் வழியே இங்கு வந்தது. ஒரு சிற்றூர்ப் பயிற்றுநர் அதைத் தமிழில் சொல்ல முயலும்போது, 'சுமை' என்ற சொல் மாணவியின் காதில் தண்டனையாக ஒலிக்கக்கூடும். 'ஓய்வு' பயிற்சியின் ஒரு பகுதி என்பதை அவளுடைய பெற்றோர் ஏற்கத் தயங்கக்கூடும். கலைச்சொல் அகராதி மட்டும் இத்தடையை நீக்காது. பயிற்றுநர்கள் தாம் கண்டதைத் தம் மொழியில் எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தும் மரபு உருவாக வேண்டும். அதுவரை பயிற்றுவித்தல் பட்டயத்தில் ஓர் அறிவியலாகவும், மைதானத்தில் செவிவழி வித்தையாகவும் பிளவுபட்டே இருக்கும்.