பணியிட மின்விபத்து இழப்பீடு

பணியிட மின்விபத்து இழப்பீடு என்பது, வேலை செய்யும்போது மின்சாரம் தாக்கிக் காயமடைந்தவருக்கும், அவ்வாறு உயிரிழந்தவரின் குடும்பத்துக்கும் வேலை கொடுத்தவர் சட்டப்படி தர வேண்டிய தொகை ஆகும். இந்தியாவில் இந்த உரிமைக்கு அடித்தளமிட்டது 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டம். முதலாளியின் தவறை நிரூபித்தால்தான் பணம் என்ற நிலையை மாற்றி, வேலையால் விபத்து நேர்ந்தது என்று காட்டினாலே போதும் என்ற நிலையை அச்சட்டம் கொண்டுவந்தது.

மின்சாரத்தின் வருகை

மின்னாக்கி உண்டாக்கிய மின்சாரத்தால் நேர்ந்த முதல் மரணம் என்று பொதுவாகக் குறிப்பிடப்படுவது ஒரு பணியிட மரணமே. 1879-இல் பிரான்சின் லியோன் நகரில், நாடக அரங்கு ஒன்றில் மேடைத் தச்சராக இருந்தவர் 250 வோல்ட் மாறுதிசை மின்சாரம் தாக்கி இறந்தார்.

இந்தியாவில் 1895-இல் சென்னையில் மின்சார டிராம் ஓடத் தொடங்கியது. 1897-இல் டார்ஜிலிங் அருகே சித்ராபோங்கில் சிறு நீர்மின் நிலையம் அமைந்தது. 1902-இல் காவிரியின் சிவசமுத்திரத்திலிருந்து கோலார் தங்கச் சுரங்கங்களுக்கு ஏறத்தாழ 147 கிலோமீட்டர் தொலைவுக்கு மின்சாரம் கொண்டு செல்லப்பட்டது. கம்பம் நடுவது, கம்பி இழுப்பது, கம்பத்தில் ஏறிப் பழுது பார்ப்பது என்று அதுவரை இல்லாத ஒரு தொழில் இவற்றுடன் பிறந்தது.

1910-ஆம் ஆண்டின் இந்திய மின்சாரச் சட்டம், மின்விபத்து நேர்ந்தால் அரசுக்குத் தெரிவிக்க வேண்டும் என்று விதித்தது. ஆனால் விபத்தில் சிக்கிய தொழிலாளியின் குடும்பத்துக்கு என்ன கிடைக்கும் என்பதற்கு அச்சட்டத்தில் விடை இல்லை.

1923-க்கு முந்தைய நிலை

அன்றைய இந்தியச் சட்டம் இங்கிலாந்தின் வழக்குமரபைப் பின்பற்றியது. அங்கே 1837-இல் தீர்ப்பான பிரீஸ்ட்லி எதிர் ஃபவுலர் வழக்கில், இறைச்சிக் கடை வேலையாள் ஒருவர் வண்டி உடைந்து காயமடைந்ததற்கு முதலாளி பொறுப்பில்லை என்று நீதிமன்றம் கூறியது. இதிலிருந்து வளர்ந்ததே 'பொது வேலைக் கோட்பாடு'. உடன் வேலை செய்பவரின் கவனக்குறைவால் ஒருவர் காயப்பட்டால் முதலாளியிடம் பணம் கேட்க முடியாது என்பது அதன் சாரம்.

மின்தொழிலில் இக்கோட்பாடு மிகக் கொடியது. கம்பத்தின் மேல் இருப்பவரின் உயிர், கீழே அல்லது துணைமின் நிலையத்தில் சுவிட்சை இயக்குபவரின் கையில் இருக்கிறது. ஒருவர் மேலே இருக்கும்போது இன்னொருவர் தவறுதலாக மின்சாரத்தை விட்டால், அது உடன் வேலை செய்பவரின் தவறாகவே கணக்கிடப்படும்.

இந்தியாவில் 1855-ஆம் ஆண்டின் மரண விபத்துச் சட்டம் மட்டுமே ஓரளவு வழி காட்டியது. அதுவும் உயிரிழப்புக்கு மட்டும் பொருந்தும். எதிராளியின் தவறை நீதிமன்றத்தில் நிரூபிக்கவும் வேண்டும். கை இழந்து உயிர் பிழைத்தவருக்கு அதனால் பயனில்லை.

மாற்றம் ஐரோப்பாவில் தொடங்கியது. 1884-இல் பிஸ்மார்க்கின் ஜெர்மனி தொழிலாளர் விபத்துக் காப்பீட்டைச் சட்டமாக்கியது. 1897-இல் இங்கிலாந்து, யாருடைய தவறு என்று பாராமல் இழப்பீடு தரும் சட்டத்தை இயற்றியது.

1923-ஆம் ஆண்டுச் சட்டம்

இந்தியச் சட்டம் 1924 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. 'வேலையின் காரணமாகவும் வேலையின் போக்கிலும்' நேரும் விபத்துக்கு முதலாளி பொறுப்பு என்பது அதன் மையம். வழக்கு உரிமையியல் நீதிமன்றத்துக்குப் போகாமல் இழப்பீட்டு ஆணையரிடம் விசாரிக்கப்படும். இழப்பீட்டு உரிமையை விட்டுக்கொடுப்பதாகத் தொழிலாளி எழுதிக் கொடுத்தாலும் அந்த ஒப்பந்தம் செல்லாது. தலைக்கு மேல் செல்லும் மின்கம்பிகளையும் கம்பங்களையும் அமைப்பவர்கள், பழுது பார்ப்பவர்கள், கழற்றுபவர்கள் ஆகியோர் சட்டத்தின் இரண்டாம் அட்டவணையில் இடம்பெற்றனர்.

எனினும் தொடக்ககாலச் சட்டம் சிக்கனமானது. மாதம் 300 ரூபாய்க்கு மேல் சம்பளம் பெறுபவர்கள் இதில் வரவில்லை. உயிரிழப்புக்கு 30 மாதச் சம்பளம் அல்லது 2,500 ரூபாய், நிரந்தர முழு ஊனத்துக்கு 42 மாதச் சம்பளம் அல்லது 3,500 ரூபாய், இவற்றில் எது குறைவோ அதுவே தரப்பட்டது. முதல் அட்டவணை உறுப்புகளுக்கு விழுக்காடு குறித்தது. வலது கை முழங்கையிலோ அதற்கு மேலோ போனால் 70 விழுக்காடு, இடது கை போனால் 60 விழுக்காடு என்று இரு கைகளுக்கும் வேறு மதிப்பு இருந்தது. பின்னர் இந்த வேறுபாடு நீக்கப்பட்டது.

1929-இல் அமைக்கப்பட்ட விட்லி ஆணையம் 1931-இல் அறிக்கை அளித்தது. 1933-இல் சட்டம் திருத்தப்பட்டது. 1938-ஆம் ஆண்டின் முதலாளிகள் பொறுப்புச் சட்டம், உரிமையியல் வழக்குகளிலும் பொது வேலைக் கோட்பாட்டை நீக்கியது. இலங்கையில் 1934-ஆம் ஆண்டின் 19-ஆம் இலக்கத் தொழிலாளர் இழப்பீட்டுக் கட்டளைச் சட்டம் இதே வழியில் பிறந்தது.

தமிழ்நாட்டில் மின்தொழில்

தமிழ்நாட்டில் 1932-இல் பைக்காரா, 1937-இல் மேட்டூர், 1944-இல் பாபநாசம் ஆகிய நீர்மின் நிலையங்கள் இயங்கத் தொடங்கின. பைக்காரா மின்சாரம் கோயம்புத்தூர் நூற்பாலைகளின் வளர்ச்சிக்குத் துணை நின்றது. 1957 ஜூலை 1-இல் தமிழ்நாடு மின்சார வாரியம் உருவானபின் ஊர்தோறும் கம்பிகள் சென்றன. லைன்மேன், வயர்மேன் என்ற சொற்கள் கிராமத்தின் அன்றாடப் பேச்சில் கலந்தன.

பழுது பார்க்கும் முன் மின்சாரத்தை நிறுத்தி, நிறுத்தியதற்கான அனுமதியைப் பெறுவதை இத்தொழிலில் 'லைன் கிளியர்' வாங்குவது என்பார்கள். மின்சாரம் இல்லை என்று சோதித்தபின், கம்பியை நிலத்தோடு இணைத்து எர்த் செய்ய வேண்டும். வேறு வழியாக மின்சாரம் திரும்பி வந்தாலும் அது நிலத்துக்குப் போய்விடும். தனியார் ஜெனரேட்டரிலிருந்து கம்பிக்குள் மின்சாரம் திரும்பப் பாய்வது இத்தகைய ஆபத்துகளில் ஒன்று.

காயத்தின் தன்மை

மின்காயம் மற்றத் தொழிற்காயங்களிலிருந்து வேறுபட்டது. மின்சாரம் உடலில் புகுந்த இடத்திலும் வெளியேறிய இடத்திலும் சிறிய புண்களே தெரியலாம். இடைப்பட்ட தசையும் நரம்பும் இரத்தக் குழாயும் உள்ளே வெந்திருக்கும். அதனால் முதல் நாள் காப்பாற்றப்பட்டதாகத் தோன்றும் கையைப் பிறகு துண்டிக்க நேர்வதுண்டு. இதயத் துடிப்பு பாதிக்கப்படலாம். கம்பத்திலிருந்து விழுந்து எலும்பு முறியலாம். மாதங்கள் கழித்துக் கண்புரை வருவதும் உண்டு.

இழப்பீட்டுச் சட்டமோ உறுப்புகளை எண்ணும் முறையில் அமைந்தது. பிற்கால அட்டவணைப்படி ஒரு கையின் இழப்புக்கு 60 விழுக்காடு, கட்டைவிரலுக்கு 30 விழுக்காடு. அட்டவணையில் இல்லாத நரம்புப் பாதிப்பு போன்றவற்றுக்கு, சம்பாதிக்கும் திறன் எவ்வளவு குறைந்தது என்பதை மருத்துவர் மதிப்பிட வேண்டும். உடலின் ஊனமும் சம்பாதிக்கும் திறனின் இழப்பும் ஒன்றல்ல. பல வழக்குகளின் முடிவு இந்த வேறுபாட்டில்தான் தங்கியிருக்கிறது.

இதில் வழிகாட்டியது 1976-இல் உச்ச நீதிமன்றத்தின் நான்கு நீதிபதிகள் அமர்வு அளித்த தீர்ப்பு. திரையரங்கு ஒன்றில் அலங்கார வேலை செய்தபோது விழுந்த தச்சர் ஒருவருக்கு இடது கை முழங்கைக்கு மேல் துண்டிக்கப்பட்டது. அட்டவணை அதை முழு ஊனமாகக் கருதவில்லை. ஆனால் ஒற்றைக் கையால் தச்சு வேலை செய்ய முடியாது என்பதால், அவருக்கு நேர்ந்தது முழு ஊனமே என்று நீதிமன்றம் ஏற்றது. இழப்பீடு தரும் கடமை விபத்து நடந்த நாளிலேயே பிறக்கிறது, ஆணையர் தீர்ப்பளித்த நாளில் அல்ல என்றும் கூறியது. இரு கையும் இருந்தால்தான் கம்பம் ஏற முடியும் என்பதால், இந்தத் தீர்ப்பு மின்தொழிலாளிக்கும் நேராகப் பொருந்துகிறது.

தவறு யாருடையது என்ற கேள்வி

கையுறை அணியவில்லை, லைன் கிளியர் வாங்கவில்லை என்பவை முதலாளிகள் வழக்கமாக வைக்கும் எதிர்வாதங்கள். சட்டம் இவற்றுக்குக் குறுகிய இடமே தருகிறது. வெறும் கவனக்குறைவு இழப்பீட்டைத் தடுக்காது. மது அல்லது போதையில் இருந்தது, வெளிப்படையாக இட்ட பாதுகாப்பு உத்தரவை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புக் கருவியை வேண்டுமென்றே புறக்கணித்தது ஆகியவை மட்டுமே விலக்குகள். அவையும் உயிரிழப்புக்கும், 1995 திருத்தத்துக்குப் பின் நிரந்தர முழு ஊனத்துக்கும் பொருந்தா. கையுறையே தராத முதலாளி, அதை அணியாததைக் காரணம் காட்ட முடியாது.

வேலைக்கும் விபத்துக்கும் உள்ள தொடர்பைக் காட்டும் பொறுப்பு மட்டும் கோருபவருடையது.

ஒப்பந்தத் தொழிலாளர்

ஒப்பந்ததாரர் மூலம் வேலைக்கு வந்தவருக்குப் பணி ஆணை, சம்பளச் சீட்டு எதுவும் இருப்பதில்லை. விபத்துக்குப் பின் 'இவர் எங்கள் ஆள் இல்லை' என்று இரு தரப்பும் சொல்லும் நிலை எளிதில் உருவாகிறது. 1923 சட்டத்தின் 12-ஆம் பிரிவு இதற்கு விடை தந்தது. தன் தொழிலின் பகுதியான வேலையை ஒப்பந்தத்தில் விட்ட முதன்மை நிறுவனமே தொழிலாளிக்கு இழப்பீடு தர வேண்டும்; பிறகு அதை ஒப்பந்ததாரரிடம் வசூலித்துக்கொள்ளலாம். சம்பளச் சீட்டு இல்லாதவருக்கு வருகைப் பதிவேடு, காவல் நிலைய முதல் தகவல் அறிக்கை, மருத்துவமனையின் விபத்துப் பதிவேடு, உடன் வேலை செய்தவரின் சாட்சியம் ஆகியவை சான்றாகின்றன.

தொகையின் வளர்ச்சி

1984-ஆம் ஆண்டுத் திருத்தம் இச்சட்ட வரலாற்றில் ஒரு திருப்பம். சம்பள உச்சவரம்பால் தொழிலாளியை விலக்குவது நின்றது. 'எது குறைவோ அது' என்ற பழைய கணக்கு 'எது அதிகமோ அது' என்று மாறியது. வயதுக்கேற்ற காரணி ஒன்றும் சேர்க்கப்பட்டது. உயிரிழப்புக்கு மாதச் சம்பளத்தின் 40 விழுக்காடு அக்காரணியால் பெருக்கப்பட்டது. 1995-இல் அது 50 விழுக்காடானது. முழு ஊனத்துக்கு 60 விழுக்காடு. 2009 திருத்தம் சட்டத்தின் பெயரை ஊழியர் இழப்பீட்டுச் சட்டம் என்று மாற்றி, குறைந்தபட்சத் தொகையை உயிரிழப்புக்கு 1,20,000 ரூபாயாகவும் முழு ஊனத்துக்கு 1,40,000 ரூபாயாகவும் உயர்த்தியது. மருத்துவச் செலவைத் திரும்பத் தரவும் வழி செய்தது.

கணக்கில் எடுக்கும் மாதச் சம்பளத்துக்கு மட்டும் வரம்பு உண்டு. 2010-இல் 8,000 ரூபாயாக இருந்த அது, 2020 ஜனவரியில் 15,000 ரூபாயானது. 30 வயதுக்குரிய காரணி 207.98. எனவே 15,000 ரூபாய் சம்பளம் பெறும் 30 வயதுத் தொழிலாளி இறந்தால் குடும்பத்துக்கு 15,59,850 ரூபாய். முழு ஊனமானால் 18,71,820 ரூபாய். அவர் ஒரு கையை இழந்து, அது 60 விழுக்காடு என்று மட்டும் கணக்கிடப்பட்டால் 11,23,092 ரூபாய். கம்பம் ஏறுபவரின் கைக்கு 60 விழுக்காடா 100 விழுக்காடா என்ற வாதத்தில் ஏழு லட்சம் ரூபாய்க்கு மேல் அடங்கியிருக்கிறது.

கோரும் முறை

விபத்தை முதலாளிக்கு உடனே எழுத்தில் தெரிவிக்க வேண்டும். 1923 சட்டப்படி கோரிக்கைக்கான காலவரம்பு இரண்டு ஆண்டுகள். தக்க காரணம் இருந்தால் தாமதத்தை ஆணையர் மன்னிக்கலாம். தமிழ்நாட்டில் தொழிலாளர் துறையின் உயர் அதிகாரிகளே இழப்பீட்டு ஆணையர்களாகச் செயல்படுகின்றனர். 1995-க்குப் பின், விபத்து நடந்த ஊரில் மட்டுமன்றிக் கோருபவர் வசிக்கும் ஊரிலும் மனு செய்யலாம். வெளிமாநிலத்தில் வேலைக்குப் போய் இறந்தவரின் மனைவிக்கு இது பெரிய உதவி.

மின்விபத்துக்கே உரிய சான்று, மின் ஆய்வாளரின் அறிக்கை. 2003-ஆம் ஆண்டின் மின்சாரச் சட்டம் 161-ஆம் பிரிவின்படி விபத்தைத் தெரிவிக்க வேண்டும். மின் ஆய்வாளர் அதன் காரணத்தை விசாரிப்பார். மின்கசிவா, எர்த் இல்லாமையா, தவறான இயக்கமா என்பதை அந்த அறிக்கை சொல்லும்.

இழப்பீடு ஒரு மாதத்துக்குள் தரப்படாவிட்டால் 12 விழுக்காடு வட்டி சேரும். நியாயமான காரணம் இல்லாவிட்டால் 50 விழுக்காடு வரை தண்டத்தொகையும் விதிக்கலாம். உயிரிழப்பில் பணத்தை ஆணையரிடமே கட்ட வேண்டும். குடும்பத்தைத் தனியே அழைத்துச் சிறு தொகையில் சமரசம் முடிப்பதைத் தடுக்கவே இந்த ஏற்பாடு.

பிற வழிகள்

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இ.எஸ்.ஐ.யில் வருபவர்கள் மேற்கண்ட மொத்தத் தொகையைக் கோர முடியாது. அவர்களுக்கு மாதந்தோறும் ஊன உதவியும், இறந்தால் சார்ந்தோர் உதவியும் கிடைக்கும்.

வேலைக்குத் தொடர்பில்லாமல் மின்கம்பியால் பாதிக்கப்படுவோருக்கு 2002-இல் உச்ச நீதிமன்றம் ஒரு வழியைத் தெளிவாக்கியது. மத்தியப் பிரதேசத்தில் இரவில் சைக்கிளில் வீடு திரும்பிய ஆலைத் தொழிலாளி ஒருவர், மழைநீரில் கிடந்த மின்கம்பி தாக்கி இறந்தார். மின்சாரத்தைத் திருடிய வேறொருவரே காரணம் என்று மின்வாரியம் வாதிட்டது. ஆபத்தான பொருளைக் கையாளும் நிறுவனம் கவனக்குறைவு இல்லாதபோதும் பொறுப்பேற்க வேண்டும் என்று நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்தது. 1923 சட்டம் அதன் ஏழாம் அத்தியாயமாக உருமாறியுள்ளது. வேலைக்குப் போகும் வழியிலும் திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளை, வேலையோடு தொடர்பு இருந்தால், அது ஏற்கிறது. உறுப்புக்கு விழுக்காடு குறிக்கும் அட்டவணையும் வயதுக் காரணியும் அதில் தொடர்கின்றன.