குப்பையும் சாதியும்: சிங்கப்பூர் நகரத் தூய்மையின் வரலாறு

ஒரு நாட்டின் நாகரிகத்தை அளக்க விரும்புவோர் அதன் மாளிகைகளைக் காண்பர், கலைகளைக் காண்பர், படைவலியைக் காண்பர். அந்நாட்டு மக்கள் தாம் கழித்த பொருளை என் செய்கின்றனர், அதனை அள்ளும் மனிதனை எங்ஙனம் நடத்துகின்றனர் என்னும் இரு வினாக்களை எழுப்புவோர் மிகச் சிலரே. இவ்வினாக்களுக்குச் சிங்கப்பூர் நகரம் இரு நூற்றாண்டுகளாக அளித்து வந்துள்ள விடையில் தமிழனுக்குப் பெரும் பங்கு உண்டு. அப்பங்கு எத்தகையது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1819ஆம் ஆண்டில் ஆங்கிலேயர் இத்தீவில் வந்திறங்கியபொழுது ஆற்றோரம் பெரும்பாலும் சேறும் சதுப்புமாகவே கிடந்தது. அதனை மனிதர் வாழத்தக்க இடமாக்கியவர் யார்? 1825ஆம் ஆண்டு முதல் பெங்கூலனிலிருந்தும், பின்னர் இந்தியாவிலிருந்தும் கொண்டுவரப்பட்ட கைதிகளே அவ்வேலையில் முன் நின்றனர். சென்னை, வங்காள மாகாணங்களைச் சேர்ந்த அவர்கள் சதுப்பை மேடாக்கினர், சாலைகள் அமைத்தனர், செயிண்ட் ஆண்ட்ரூஸ் தேவாலயத்தையும் எழுப்பினர். 1873ஆம் ஆண்டில் கைதிகள் இங்கிருந்து அகற்றப்பட்டனர். ஆனால் நகரமோ நாளுக்கு நாள் பெருகிற்று. குப்பையும் உடன் பெருகிற்று. கைதி செய்த வேலையைக் கூலிக்குச் செய்ய ஆள் தேவைப்பட்டது. முனிசிபல் சபையின் துடைப்பமும் கூடையும் பெரும்பாலும் தென்னிந்தியத் தொழிலாளியின் கைக்கு வந்த வரலாறு இதுவே.

நிற்க. அக்காலத்து நகரில் இன்றுள்ளது போன்ற கலப்புக் குப்பை மிகுதியாக இருந்ததில்லை. ஒவ்வொரு கழிவுக்கும் ஒரு வழி இருந்தது. வீட்டு மலத்தைச் சீனத் தோட்டக்காரர் விலை கொடுத்தே எருவுக்கு வாங்கிச் சென்றனர். இன்று ‘லிட்டில் இந்தியா’ என வழங்கும் பகுதியில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பாதியில் மாட்டு வாணிகம் செழித்திருந்தது. கண்டாங் கெர்பாவ், அதாவது எருமைத் தொழுவம், என்று மலாய் மக்கள் அவ்விடத்தை அழைத்தனர். பபலோ ரோடும் கெர்பாவ் ரோடும் அதற்கு இன்றும் சான்றாக நிற்கின்றன. மாடு உள்ள இடத்தில் காய்கறித் தோல் தீனியாகும். சாணம் எருவாகும் என்பதை நம் கிராமத்தார்க்கு எவரும் கற்பிக்க வேண்டுவதில்லை. பழந்துணி, புட்டி, காகிதம், இரும்பு ஆகியவற்றை வீடு வீடாக வாங்கிச் சென்றவர் ‘காராங் குனி’ எனப் பெயர் பெற்றனர். ‘காராங்’ என்பது மலாய் மொழியில் சாக்கைக் குறிக்கும். ‘குனி’ என்பது நமது ‘கோணி’க்கு உறவான சொல். ஆகவே, கழிவை இனம் பிரித்தல் என்பது நேற்றுத் தோன்றிய புதுமையன்று. வறியவர் வயிற்றுக்காக நெடுங்காலமாகச் செய்து வந்த தொழிலேயாகும்.

எனினும் அவ்வொழுங்கில் பெருங் கேடும் மறைந்திருந்தது. கல்கத்தாவில் சுகாதார அதிகாரியாக இருந்த சிம்ப்சன் என்னும் மருத்துவப் பேராசிரியர் சிங்கப்பூரை ஆராய்ந்து 1907ஆம் ஆண்டில் ஓர் அறிக்கை வெளியிட்டார். கடைவீடுகள் முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டப்பட்டிருந்தன. காற்றும் வெளிச்சமும் உட்புகவில்லை. பின்புறம் வழியில்லாமையால் மலவாளி மக்கள் உண்டு உறங்கும் அறைகளின் ஊடே முன்வாயில் வழியாகச் சென்றது. காசநோய் அவ்வீடுகளில் குடிகொண்டிருந்ததில் வியப்பென்ன? பின்சந்துகள் வெட்டப்பட வேண்டும், சாக்கடைக் குழாய்கள் அமைக்கப்பட வேண்டும் என்றார் அவர். தேக்காவின் பழைய கடைவீடுகளுக்குப் பின்னே இன்று நாம் காணும் சந்துகளும், வாளி சுமப்போர் ஏறி இறங்கிய சுழற்படிகளும் அக்காலத்தின் நினைவுச் சின்னங்கள். வாளி முறை முற்றிலும் ஒழிய 1987ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று.

தோட்டத்துத் தமிழருக்கும் இவ்வரலாறு அயலானதன்று. கொசுவினால் மலேரியா பரவுவதை ரோனால்ட் ராஸ் 1897ஆம் ஆண்டில் இந்தியாவில் கண்டறிந்தார். அவ்வுண்மையைக் கைக்கொண்டு 1901ஆம் ஆண்டு முதல் கிள்ளானிலும் ஸ்வெட்டன்ஹாம் துறைமுகத்திலும் மால்கம் வாட்சன் என்னும் மருத்துவர் சதுப்புகளை வடியச் செய்தார். காய்ச்சல் விரைந்து தணிந்தது. லயத்துக்கு அருகே தேங்கி நின்ற நீர் எத்தனை தமிழ்க் குடும்பங்களை அழித்தது என்பதை எண்ணிப் பார்ப்போர், கால்வாய் வெட்டியவனும் குப்பை அள்ளியவனும் மருத்துவனுக்கு இணையானவர் என்பதை மறுக்கமாட்டார்.

ஆனால் நம்மவர் அவனை எவ்வாறு போற்றினர்? ‘தோட்டி’ என்றனர். முனிசிபல் துப்புரவு வேலைக்கு வந்தோருட் பலர், தாயகத்தில் தீண்டத்தகாதவர் என ஒதுக்கப்பட்ட வகுப்பினர். கடல் கடந்தால் சாதி கழியும் என்று நம்பி வந்தோர்க்கு, கப்பலிலிருந்து துடைப்பத்தோடு சாதியும் இறங்கியதே கண்ட பயன். குப்பையை இனம் பிரிக்க வேண்டிய சமூகம், குப்பை அள்ளுபவனை இனம் பிரித்தது. அழுகியதையும் அழுகாததையும் ஒன்றாய்க் கொட்டியவன் தூயவன். அதனைத் தொட்டு அகற்றியவன் தீட்டுடையவன்! இத்தகைய நியாயம் அறிவுக்குப் பொருந்துமா? தீட்டு என்று ஒன்று உண்டென்றால், அது கொட்டியவனைச் சேருமேயன்றி அள்ளியவனைச் சேராது.

நாடு தன்னாட்சி பெற்ற பின்னரும் துப்புரவுத் தொழிலாளியின் பாடு எளிதாக முடியவில்லை. 1967ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சுமார் 2400 நாட்கூலித் துப்புரவுத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். அவர்களுட் பலர் தமிழர். அரசாங்கம் சங்கத் தலைவர்களைக் கைது செய்தது. வேலை நிறுத்தியோர் தாமே வேலையைத் துறந்தவராவர் எனக் கூறி, விரும்புவோர் புதிதாக மனுச் செய்யலாம் என அறிவித்தது. நூற்றுக்குத் தொண்ணூறு பேர் அளவில் மனுச் செய்து திரும்பினர். மறு ஆண்டு, 1968 அக்டோபரில், ‘சிங்கப்பூரைத் தூய்மையாக வைத்திருப்போம்’ என்னும் பேரியக்கத்தைப் பிரதமர் லீ குவான் யூ தொடங்கி வைத்தார். தெருவில் குப்பை போடுவோர்க்கு அபராதம் வந்தது. 1977 முதல் 1987 வரை பத்தாண்டு உழைப்பில் சிங்கப்பூர் ஆறும் காலாங் ஆற்று முகமும் தூய்மையாயின. நகரின் அழகைப் புகழ்வோர் 1968ஐ நினைக்கின்றனர். 1967ஐயும் நினைப்பதே நீதியாகும்.

இனி இன்றைய நிலையைக் காண்போம். நிலம் குறுகிய இத்தீவு 1979ஆம் ஆண்டில் உலு பாண்டானில் தன் முதல் எரியாலையைத் திறந்தது. எரித்தால் குப்பையின் பருமன் பத்தில் ஒரு பங்காகச் சுருங்கும், மின்சாரமும் கிடைக்கும். ஆயினும் சாம்பலுக்கு ஓர் இடம் வேண்டுமே! லோரோங் ஹாலுஸ் குப்பைமேடு 1999ஆம் ஆண்டில் மூடப்பட்டது. அவ்வாண்டே தெற்குக் கடலில் புலாவ் செமாக்காவ் திறக்கப்பட்டது. சுமார் 350 ஹெக்டேர் பரப்புள்ள அவ்விடத்தை ஏழு கிலோமீட்டர் நீளமுள்ள அணை வளைத்து நிற்கிறது. முன்னர் அங்கு வாழ்ந்த தீவு மக்கள் தம் இல்லங்களை விட்டு நகருக்குப் பெயர்ந்தனர். அதுவும் 2035ஆம் ஆண்டளவில் நிரம்பிவிடும் என்று மதிப்பிட்டுள்ளனர். அதன் பின் எங்கே கொட்டுவது?

பிரித்தல் ஒன்றே வழி. ஆனால் 2023ஆம் ஆண்டில் வீட்டுக் கழிவில் நூற்றுக்கு 12 பங்கே மறுபயனுக்குச் சென்றது. மறுசுழற்சிக்கென வைத்த நீலத் தொட்டிகளில் விழுவதில் ஏறத்தாழ 40 விழுக்காடு சோறும் எண்ணெயும் கலந்தும், வேறு வகையிலும் பயனற்றுப் போகிறது. கற்றறிந்த மக்கள் நிறைந்த நாட்டில் இஃது ஏன்? 1949ஆம் ஆண்டில் புக்கிட் தீமாவில் மலாயாப் பல்கலைக்கழகம் தோன்றியது முதல் இந்நாடு கல்வியில் மிக உயர்ந்துவிட்டது. அதன் வழிவந்த சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் இன்று கெண்ட் ரிட்ஜில் ஒரு சிறு நகரம் போல் விரிந்துள்ளது. எப்பல்கலைக்கழகத்திலும் இரசாயனக் கூடத்தில் மாணவன் ஒரு கழிவை மற்றொன்றோடு கலக்கத் துணிவதில்லை. கலந்தால் ஆபத்து அவன் முகத்திலேயே வெடிக்கும். உணவுக்கூடத்திலோ காகிதத்தையும் மீந்த குழம்பையும் ஒரே தொட்டியில் இடத் தயங்குவதில்லை; அங்கே ஆபத்து வேறொருவன் கையைத்தான் தீண்டும். குறை அறிவில் இல்லை. பிறன் கையைத் தன் கையாக எண்ணாத மனத்தில் உள்ளது.

2021ஆம் ஆண்டு முதல் உணவங்காடிகளில் உண்டவரே தம் தட்டை எடுத்து வைக்க வேண்டும் என்று சட்டம் செய்தனர். தேக்கா அங்காடியில் வணிகரும் கூலியாளும் ஒரே வரிசையில் நின்று தம் எச்சில் தட்டைத் தாமே சுமக்கும் காட்சி சிறிதாகத் தோன்றலாம். எச்சில் எடுப்பதற்கென்று ஒரு பிறவியை வகுத்த சமூகத்தின் வழித்தோன்றல்களுக்கு அது பெரும் புரட்சியே.

தமிழ் மக்களே! நம் முன்னோர் இந்நகரின் குப்பையை அள்ளினர். அதற்காக நாம் வெட்கமுற வேண்டுவதில்லை. அள்ளியவனை நாம் இழித்துரைத்தோம். அதற்கே வெட்கமுற வேண்டும். இன்று சிராங்கூன் ரோட்டை விடியற்காலையில் கூட்டும் தொழிலாளி தமிழ்நாட்டிலிருந்தோ வங்காள தேசத்திலிருந்தோ வந்தவனாக இருக்கலாம். அவனுக்கு நம் வீட்டிலிருந்தே உதவலாம். ஈரக் கழிவை வேறாகவும் உலர் கழிவை வேறாகவும் கட்டிவைப்போம். உடைந்த கண்ணாடியைத் தாளில் சுற்றி வைப்போம். நம் பிள்ளைகளின் நாவில் ‘தோட்டி’ என்னும் வசைச்சொல் ஏறாது காப்போம். குப்பையைப் பிரிக்கக் கற்று, மனிதரைப் பிரிக்க மறந்த நாளே நம் சமூகம் தூய்மை பெற்ற நாளாகும்.