ஆட்டத்தைக் கைவிட்ட சிகாகோ

சிகாகோ பல்கலைக்கழகத்தின் ரெஜன்ஸ்டைன் நூலகத்துக்குத் தமிழ்ப் புத்தகம் தேடி வரும் நண்பர்களிடம் நான் தவறாமல் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. இந்த அலமாரிகள் நிற்கும் மண், ஒருகாலத்தில் ஐம்பதாயிரம் பேர் உட்காரக்கூடிய மைதானமாக இருந்தது. பந்தைக் கையில் இடுக்கிக்கொண்டு மோதி ஓடும் அமெரிக்கக் கால்பந்தில் நாட்டையே கலக்கிய அணி இங்கேதான் ஆடியது.

1892-இல் ராக்பெல்லரின் பணத்தில் வகுப்புகள் தொடங்கின. புதிய பல்கலைக்கழகத்துக்குப் பழைய மாணவர்கள் கிடையாது, பெயரும் கிடையாது. முதல் தலைவர் வில்லியம் ரெய்னி ஹார்ப்பர், ஏமஸ் அலோன்சோ ஸ்டாக் என்ற பயிற்சியாளரை நிரந்தரப் பேராசிரியர் பதவி கொடுத்தே அழைத்து வந்தார். கல்லூரி அணியைப் பெரிய அணியாக்குவது கோப்பைகள் என்பார்கள். நான் அப்படி நினைக்கவில்லை. பல்கலைக்கழகத்துக்குள்ளேயே பயிற்சியாளருக்குக் கிடைக்கும் அதிகாரம், சனிக்கிழமைதோறும் திரளும் நகரத்துக் கூட்டம், அதைத் தலைப்புச் செய்தியாக்கும் பத்திரிகைகள், இவை மூன்றும் கூடிய இடத்தில்தான் பெரிய அணி பிறக்கிறது. மூன்றும் முதலில் கூடிய இடங்களில் சிகாகோவும் ஒன்று.

1905-இன் தேங்ஸ்கிவிங் நாள். எதிரே மிச்சிகன், தொடர்ந்து 56 ஆட்டங்கள் தோற்காத அணி. இரு பக்கமும் புள்ளியே விழவில்லை. சிகாகோவின் வால்டர் எக்கர்சால் ஓங்கி உதைத்த பந்து, மிச்சிகனின் கோல் கோட்டுக்குப் பின்னால் போய் விழுந்தது. டென்னி கிளார்க் அதை அங்கேயே தரையில் வைத்திருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது. அவர் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்; சிகாகோ வீரர்கள் அவரை மோதிக் கோட்டுக்குப் பின்னாலேயே தள்ளினார்கள். அதற்காகச் சிகாகோவுக்கு இரண்டு புள்ளி. ஆட்டம் 2-0 என்று முடிந்தது.

பிறகு காலம் மாறியது. ஒஹையோவும் இல்லினாயும் மிச்சிகனும் 1920-களில் பிரம்மாண்டமான ஸ்டேடியங்களைக் கட்டின. 1932-இல் எழுபது வயதான ஸ்டாக்கை ஓய்வு விதி வெளியே அனுப்பியது. 1935-இல், பின்னாளில் ஹைஸ்மன் கோப்பை என்று பெயர் பெற்ற, கல்லூரிக் கால்பந்து வீரருக்கான விருதை முதன்முதலில் வாங்கியவர் சிகாகோவின் ஜே பெர்வாங்கர். அதற்குள் அணி தேய்ந்துவிட்டிருந்தது. 1939-இல் அதே மிச்சிகனிடம் 85-0.

பல்கலைக்கழகத் தலைவர் ராபர்ட் மேனார்ட் ஹட்சின்ஸ் ஓராண்டு முன்பே எழுதியிருந்தார்: டிக்கெட் வசூலே நோயின் வேர், கட்டணத்தைப் பத்து சென்டாகக் குறையுங்கள். 1939 டிசம்பரில் அறங்காவலர்கள் அணியைக் கலைத்தார்கள். மூன்றே ஆண்டில், 1942 டிசம்பர் 2 அன்று, வெறிச்சோடிய அந்த மைதானத்தின் மேற்குக் கேலரிக்கு அடியிலிருந்த ஸ்குவாஷ் கூடத்தில் என்ரிகோ ஃபெர்மியின் குழு உலகின் முதல் கட்டுப்படுத்தப்பட்ட அணுத் தொடர்வினையை நிகழ்த்தியது.

தோற்றதால்தான் சிகாகோ ஆட்டத்தை விட்டது என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் தோற்ற கல்லூரிகள் வேறு எத்தனையோ இருந்தன. அவை பயிற்சியாளரை மாற்றின, ஆட்டத்தை விடவில்லை. விடுவதற்குத் தனித் துணிச்சல் வேண்டும், அதை நான் மனதார மதிக்கிறேன். 1969-இல் அணி திரும்பி வந்தது. இப்போது அது ஆடுவது கல்லூரி விளையாட்டின் மூன்றாம் பிரிவில். அங்கே விளையாட்டுக்காக உதவித்தொகை கொடுப்பதில்லை.