'கிறிஸ்து' என்பது இயேசுவின் குடும்பப் பெயரா?

இல்லை, அது பட்டம். 'மேசியா' என்ற எபிரேயச் சொல்லின் கிரேக்க வடிவம். பொருள், அபிஷேகம் செய்யப்பட்டவர். பண்டைய இஸ்ரவேலில் எண்ணெய் ஊற்றித்தான் அரசர்களை ஏற்படுத்துவார்கள். அதனால் ரோம ஆட்சிக்குக் கீழே அந்தப் பட்டம் சும்மா இல்லை; உயிருக்கே உலை வைக்கக்கூடியது.

இயேசு அதை ஏற்றுக்கொண்டாரா? நான்கு சுவிசேஷங்களில் மாற்குதான் மிகப் பழையது, சுமார் கி.பி. 70-ல் எழுதப்பட்டது என்பது பெரும்பாலான ஆய்வாளர்களின் கருத்து. அதில் பிறப்புக் கதையே கிடையாது. மேய்ப்பர்கள் வருவது லூக்காவில், நட்சத்திரம் மத்தேயுவில். நம்ம ஊர் கிறிஸ்துமஸ் குடிலில் ரெண்டையும் சேர்த்து வைத்துவிடுகிறோம்.

மாற்கு 8-ம் அதிகாரத்தில், 'நீர் மேசியா' என்று பேதுரு சொன்னதும், இதை யாரிடமும் சொல்லாதீங்க என்று இயேசு தடுக்கிறார். கைதான பிறகு, 14-ம் அதிகாரத்தில், பிரதான ஆசாரியர் நேரடியாகக் கேட்கும்போது ஆமாம் என்கிறார். ஆசாரியருக்கு அது தெய்வநிந்தனை. விடிந்ததும் ரோம ஆளுநர் பிலாத்துவிடம் கொண்டுபோகிறார்கள். அவர் கேட்பது வேறு: நீ யூதர்களின் அரசனா? சிலுவையில் எழுதி வைக்கப்பட்ட குற்றமும் அதுதான்.